மிதவாதம் என்றால் மதில்மேல் பூனையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசியல் பேச்சு எடுத்தாலே சண்டையில் முடிகிற நேரத்தில் ‘நிதானம்’, ‘நாகரிகமான உரையாடல்’ என்று யாராவது வாயெடுத்தால், எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு சந்தேகம் தெரியும். இந்த ஆள் எந்தப் பக்கம்? பயந்தவனா, பச்சோந்தியா? அந்தச் சந்தேகத்திலிருந்து பிறக்கும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீண்ட பதில், சிலவற்றுக்கு இரண்டே வரி.

மிதவாதி என்றால் இரண்டு தரப்புக்கும் சரிபாதியில் நிற்பவர்தானே?

இல்லை. மற்ற எல்லாக் குழப்பத்துக்கும் தாய் இந்தக் குழப்பம்தான். ஒருவர் இரண்டும் இரண்டும் நான்கு என்கிறார், இன்னொருவர் ஆறு என்று அடம்பிடிக்கிறார் என்று வையுங்கள். “சரி விடுங்கப்பா, ஐந்து என்று வைத்துக்கொள்வோம்” என்று சொல்பவருக்குப் பெயர் மிதவாதி இல்லை. அவருக்குக் கணக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

திருக்குறள் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாகச் சொல்கிறது. அந்த உவமையைப் பலரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். எதை வைத்தாலும் நேராகவே நிற்கும் தராசு பழுதான தராசு. தட்டு காலியாக இருக்கும்போது முள் நடுவில் நிற்க வேண்டும். சரக்கை வைத்த பிறகு, எடை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய வேண்டும். சரக்கு ஏறுமுன்பே சாய்ந்திருந்தால்தான் கோளாறு.

இதற்குப் போட்டியாக இன்னொரு உவமையும் உண்டு. 1680-களில் இங்கிலாந்தில் மன்னர் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் முட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு பக்கமும் முழுசாகச் சேராத ஹாலிஃபாக்ஸ் பிரபு ஜார்ஜ் சாவில் போன்றவர்களை ‘ட்ரிம்மர்’ என்று திட்டினார்கள். அவர் அந்த வசவையே பட்டமாகச் சூட்டிக்கொண்டார். படகில் ஒரு கூட்டம் ஒரு பக்கம் அழுத்துகிறது, இன்னொரு கூட்டம் அதே அளவு மறுபக்கம் சாய்க்கிறது, படகு நேராகப் போனால் போதுமே என்று நினைக்கும் மூன்றாவது ஆளும் அங்கே இருப்பான், அவன்தான் ட்ரிம்மர் என்று எழுதினார். நல்ல உவமைதான். ஆனாலும் என் ஓட்டு தராசுக்கு. படகுக்காரன் மற்றவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத் தன் இடத்தை முடிவு செய்கிறான். தராசு சரக்கை மட்டும் பார்க்கிறது.

அப்படியானால் மிதவாதிக்கும் உறுதியான கொள்கை இருக்கலாமா?

தாராளமாக இருக்கலாம். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைவிட எப்படி நிற்கிறீர்கள் என்பதுதான் மிதவாதம். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்திருப்பது. இன்று தோற்றவர் நாளை ஜெயித்து வரவும் ஒரு வழி விட்டு வைத்திருப்பது. இந்த இரண்டும் இருந்தால் உங்கள் கருத்து எவ்வளவு தீவிரமானதாக இருந்தாலும் நீங்கள் மிதவாதிதான். இரண்டும் இல்லாத ‘நடுநிலையாளர்கள்’ நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு பேசுவது தீவிரவாதிகளோடு பேசுவதைவிடக் கஷ்டம்.

துருவமயமாதல் என்கிறார்களே, கருத்து வேறுபாடு கூடிவிட்டது என்பதுதானே அது?

கருத்து வேறுபாடு கூடாமலேயே வெறுப்பு மட்டும் கூடலாம். அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் இப்போது அதிகம் கவலைப்படுவது அந்த வகையைப் பற்றித்தான். ஷாந்தோ ஐயங்காரும் அவருடைய சகாக்களும் 2012-இல் வெளியிட்ட கட்டுரையில் அமெரிக்கர்களிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியின் பதில்களை ஒப்பிட்டார்கள்: உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரைத் திருமணம் செய்தால் வருத்தப்படுவீர்களா? 1960-இல் ஆம் என்றவர்கள் சுமார் 5 சதவீதம். 2010-இல் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர், குடியரசுக் கட்சியினரில் ஏறத்தாழப் பாதிப் பேர். வரி, சுகாதாரம் என்று கொள்கை பேசிய காலம் போய், சம்பந்தம் பேசும் இடம்வரை கட்சி வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்தப் பக்கச்சார்பு பிறக்கப் பெரிய காரணம்கூட வேண்டியதில்லை. 1970 வாக்கில் உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். 14, 15 வயதுப் பையன்கள். திரையில் தெரியும் புள்ளிகளைக் கூட்டி மதிப்பிட்டவர்கள் ஒரு குழு, குறைத்து மதிப்பிட்டவர்கள் இன்னொரு குழு என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் குழு பிரித்தது குருட்டுவாக்கில். அப்புறம் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, மற்றவர்களுக்குக் காசு பங்கிடச் சொன்னார்கள். தனக்கு என்று ஒரு பைசா எடுத்துக்கொள்ள முடியாது. யாருக்குக் கொடுக்கிறோம் என்ற பெயர்கூடத் தெரியாது, எந்தக் குழு என்று மட்டும் தெரியும். பையன்கள் தங்கள் குழுவுக்கு அதிகம் கொடுத்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. தங்கள் குழுவுக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும், மற்றக் குழுவைவிட அதிக வித்தியாசத்தில் முன்னால் நிற்பதையே பலரும் விரும்பினார்கள். நமக்கு நஷ்டமானாலும் அவனுக்கு அதைவிட நஷ்டமாக வேண்டும். புள்ளி எண்ணிய பையன்களுக்கே இப்படி என்றால், கொடியும் கோஷமும் சேர்ந்தால் என்ன ஆகும்?

எதிர்த்தரப்பு எப்படிப்பட்டவர்கள் என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். அதில் என்ன சந்தேகம்?

டக்ளஸ் ஆலர், கௌரவ் சூட் என்ற இருவர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், குடியரசுக் கட்சியினரில் எத்தனை சதவீதம் பேர் ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கிறார்கள் என்று அமெரிக்கர்களிடம் கேட்டார்கள். மக்கள் சொன்ன சராசரி 38 சதவீதம். உண்மையில் அது சுமார் 2 சதவீதம்தான். ஜனநாயகக் கட்சியைப் பற்றிய ஊகங்களும் இதே அழகுதான். நாம் கோபப்படுவது பெரும்பாலும் நம் மண்டைக்குள் நாமே வரைந்து வைத்திருக்கும் ஓர் ஆளிடம்.

அப்போ எதிர்த்தரப்பு சொல்வதையும் நிறையப் படித்தால் சரியாகிவிடுமா?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். கிறிஸ்டோபர் பெய்லும் குழுவினரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. ட்விட்டரில் இருப்பவர்களுக்குப் பணம் கொடுத்து, எதிர்த்தரப்புத் தலைவர்களின் கருத்துகளைப் பகிரும் கணக்கு ஒன்றை ஒரு மாதம் பின்தொடர வைத்தார்கள். குடியரசுக் கட்சியினர் முன்பைவிடத் தீவிர வலதுசாரிகளாக மாறினார்கள். ஜனநாயகக் கட்சியினரிடம் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. எந்தப் பக்கமும் மிதவாதத்தை நோக்கி நகரவில்லை.

யோசித்தால் ஆச்சரியமில்லை. எதிராளியின் பேச்சாளர் தன் ஆட்களை உசுப்பேற்றச் சொல்லும் வார்த்தைகளை உங்கள் காதில் ஊற்றினால் உங்களுக்குப் புரிதலா வரும்? எரிச்சல்தான் வரும். எதிர்த்தரப்பின் மேடையைக் கேட்பது வேறு, எதிர்த்தரப்பு மனிதர் ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது வேறு.

சரி, உட்கார்ந்து பேசுவது என்றால் எப்படி? ஏதாவது வழிமுறை உண்டா?

ஓரளவு சோதிக்கப்பட்ட ஒரு வழி உண்டு. டேவிட் புரூக்மன், ஜோஷுவா கால்லா இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு அது, மயாமியில் நடந்தது. திருநர்களுக்கு எதிரான பாகுபாடு பற்றி வீடு வீடாகப் போய்ப் பேசினார்கள். சராசரியாகப் பத்து நிமிடம். பேசப் போனவர்கள் புள்ளிவிவரம் அடுக்கவில்லை. முதலில் அந்த வீட்டுக்காரரின் கருத்தைக் கேட்டார்கள், முகம் சுளிக்கவில்லை. பிறகு, “நீங்கள் மற்றவர்களிலிருந்து வேறுபட்டிருந்ததற்காக யாராவது உங்களைத் தவறாக எடைபோட்டிருக்கிறார்களா?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். ஆள் தன் கதையைச் சொல்வார். அந்தக் கதையிலிருந்து பேசவந்த விஷயத்துக்கு அவரே பாலம் போடுவார். தப்பெண்ணம் குறைந்தது, மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது. எல்லோரும் மாறினார்கள் என்று நினைக்க வேண்டாம். அரசியல் பிரசாரத்தில் பெரும்பாலான முயற்சிகளுக்குப் பலனே இருக்காது. அதை வைத்துப் பார்த்தால் இது பெரிய விஷயம்.

என் சொந்தக் கதை ஒன்று. சித்தப்பாவுக்கும் எனக்கும் வரி விஷயத்தில் ஒத்துவராது. “இருக்கிறவன்கிட்டயே இன்னும் இன்னும் வரி புடுங்கினா எவன்டா தொழில் நடத்துவான்?” என்பார். நான் உடனே எந்த நாட்டில் எத்தனை சதவீதம் என்று ஆரம்பிப்பேன். அவர் குரல் ஏறும், என் குரலும் ஏறும், சித்தி வந்து டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார். பல வருடம் இப்படியே ஓடியது. ஒருநாள் களைத்துப்போய், “சித்தப்பா, மத்த எதுலயும் நீங்க இவ்வளவு கோபப்பட மாட்டீங்களே, இதுல மட்டும் ஏன்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். அச்சகம் வைத்திருந்த காலத்தில் கணக்கில் ஒரு தாள் விடுபட்டதற்காக ஓர் அதிகாரி இவரை ஒரு மாதம் அலையவிட்டிருக்கிறார். அந்த மாதம் வேலையாட்கள் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. அதில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். “அவன் மூஞ்சிய இன்னும் மறக்க முடியலடா.”

நான் இத்தனை வருடம் வரிக்கொள்கை பேசிக்கொண்டிருந்தேன். அவர் அந்த ஒரு மாதத்தைப் பேசிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அவர் கருத்து மாறவில்லை, என் கருத்தும் அப்படியேதான். ஆனால் “நீ என்ன சொல்ற?” என்று இப்போது அவரே கேட்கிறார். முன்பு கேட்டதே இல்லை.

‘நாகரிகமாகப் பேசுங்கள்’ என்பது பாதிக்கப்பட்டவர்களின் வாயை அடைக்கும் தந்திரம் இல்லையா?

பல நேரம் ஆம். இதை மழுப்பக் கூடாது. கால் மிதிபட்டவன் கத்தினால், மிதித்தவனை விட்டுவிட்டுக் கத்தினவனிடம் மரியாதை கேட்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு.

1963 ஏப்ரலில் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் நிறவெறிக்கு எதிரான போராட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங் கைதானார். அந்த மாநிலத்தின் வெள்ளை இன மதகுருமார் எட்டுப் பேர், போராட்டம் விவேகமற்றது, நேரம் சரியில்லை என்று அறிக்கை விட்டார்கள். சிறையிலிருந்து கிங் எழுதிய பதில் கடிதம்தான் மிதவாதத்தின் மீது வைக்கப்பட்ட கடுமையான குற்றச்சாட்டுகளில் ஒன்று. வெளிப்படையான வெறியர்களைவிட, நீதியைக் காட்டிலும் அமைதியைப் பெரிதாக நினைக்கும் வெள்ளை மிதவாதிதான் எங்களுக்குப் பெரிய முட்டுக்கட்டையோ என்று தோன்றுகிறது என்றார். பொறுங்கள் என்ற சொல்லுக்கு அநேகமாக எப்போதும் ‘ஒருபோதும் கிடையாது’ என்றே அர்த்தமாக இருந்திருக்கிறது என்றும் எழுதினார்.

இந்த அடியை மிதவாதம் பேசும் ஒவ்வொருவரும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். எடை பார்க்கச் சொன்னால் ‘இப்போது நேரமில்லை’ என்று தராசையே மூடி வைப்பவர்களைப் பற்றிய குற்றச்சாட்டு அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே கடிதத்தின் தொடக்கத்தில் அந்த எட்டுப் பேரையும் சக மதகுருமார் என்று விளிக்கிறார். நீங்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள், உங்கள் விமர்சனம் உண்மையான மனதோடு சொல்லப்பட்டது என்கிறார். பிறகு அவர்கள் சொன்னதை ஒவ்வொன்றாக எடுத்து, ஒன்றுகூட மிஞ்சாதபடி உடைக்கிறார். ஒரு வசவு இல்லை, ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவும் இல்லை. நாகரிகமான பேச்சு என்றால் மென்மையான பேச்சு என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கடிதம்தான் நினைவுக்கு வரும்.

கோபப்படவே கூடாதா?

படலாம். செயலின் மேல் எவ்வளவு வேண்டுமானாலும். ஆளின் பிறப்பு, உடம்பு, குடும்பம் என்று போனால் நீங்கள் பேசவந்த விஷயம் அங்கேயே செத்துவிடும். அடுத்த நாள் எல்லோரும் உங்கள் வார்த்தையைப் பற்றித்தான் பேசுவார்கள், அவர் செய்த தப்பை மறந்துவிடுவார்கள்.

பச்சைப் பொய் சொல்கிறவரிடம் என்ன நிதானம் வேண்டியிருக்கிறது?

திருத்துங்கள், சுருக்கமாக. திருத்தினால் ஆள் பொய்யை இன்னும் இறுக்கிப் பிடிப்பார் என்று 2010-இல் ஓர் ஆய்வு சொன்னது. அது ரொம்பப் பிரபலமாகிவிட்டது. பின்னாளில் தாமஸ் வுட், ஈத்தன் போர்ட்டர் இருவரும் 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 52 தலைப்புகளில் சோதித்தபோது அப்படி நடப்பது மிக அபூர்வம் என்று தெரிந்தது. தகவலை மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்றுக்கொண்டபின் கட்சியும் மாறுவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அரசியல்வாதிகளே ஒருவரையொருவர் மதிக்காதபோது ஜனநாயகம் எப்படி நடக்கும்?

மரியாதை இல்லாமலும் நடக்கும் என்பதுதான் வரலாறு. விதி மட்டும் இருக்க வேண்டும். 1800 அமெரிக்கத் தேர்தலில் அப்போதைய அதிபர் ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் மோதினார்கள். இரண்டு பக்க ஆட்களும் அச்சில் கொட்டிய அவதூறு கொஞ்சநஞ்சமல்ல. ஆடம்ஸ் தோற்றார். 1801 மார்ச் 4-இல் ஜெஃபர்சனின் பதவியேற்புக்கு அவர் நிற்கவில்லை. விடியுமுன்பே வண்டியேறி ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார். நாகரிகம் என்று பார்த்தால் பூஜ்யம்தான். ஆனால் கிளம்பிவிட்டார் பாருங்கள், அதுதான் முக்கியம். அந்த நாட்டில் அதிபர் பதவி ஒரு கட்சியிடமிருந்து எதிர்க்கட்சிக்கு அமைதியாகக் கைமாறியது அதுவே முதல் முறை. சிரித்துக் கைகொடுத்துவிட்டு விதியை மீறுபவரைவிட, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு விதிப்படி நடப்பவர் எவ்வளவோ மேல்.

எல்லோரோடும் சமரசம் செய்துகொள்ள வேண்டுமா? ஜனநாயகத்தையே ஒழிக்க வருபவரோடும்?

கூடாது. போட்டியில் ஜெயிக்க வருபவரோடு எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசலாம். ஜெயித்தபின் மைதானத்தையே உழுதுபோடுவேன் என்பவரோடு பேரம் கிடையாது.

1933 மார்ச் 23, பெர்லின். நாடாளுமன்றக் கட்டடம் தீயில் எரிந்துபோயிருந்ததால் கூட்டம் குரோல் ஓபரா அரங்கில் நடந்தது. நாடாளுமன்றம் இல்லாமலேயே சட்டம் போடும் அதிகாரத்தை ஹிட்லர் கேட்டார். கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் ஏற்கெனவே தடுக்கப்பட்டுவிட்டார்கள். அரங்கைச் சுற்றியும் உள்ளேயும் சீருடை அணிந்த அடியாட்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ வெல்ஸ் எழுந்து, எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் நீங்கள் பறிக்கலாம், மானத்தைப் பறிக்க முடியாது என்றார். வாக்கெடுப்பில் ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94 பேரும் அவருடைய கட்சிக்காரர்கள்.

ஆதரவாக வாக்களித்த கட்சிகளில் ஒன்றின் பெயரே ‘மையக் கட்சி’. சில வாக்குறுதிகளை நம்பி, நிலைமை மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று அது இறங்கிப் போனது. பெயர்ப்பலகையில் மையம் அங்கே இருந்தது. அந்த அரங்கில் மிதவாதிகள் யார் என்று கேட்டால், மாட்டோம் என்று சொன்ன 94 பேரைத்தான் காட்டுவேன்.

ரத்தம் சிந்திய பிறகும் பேச முடியுமா?

வட அயர்லாந்தில் முப்பது ஆண்டு வன்முறையில் சுமார் 3,500 பேர் இறந்தார்கள். முன்னாள் அமெரிக்க செனட்டர் ஜார்ஜ் மிட்செல் தலைமையில் பேச்சுவார்த்தை நடந்தபோது, பிரிட்டனோடே இருக்க விரும்பிய யூனியனிஸ்ட் தரப்பு, அயர்லாந்து குடியரசோடு சேர விரும்பிய ஷின் ஃபேன் கட்சியோடு நேருக்கு நேர் பேச மறுத்தது. ஒரே அறையில் இருந்தாலும் கூட்டத் தலைவரைப் பார்த்தே பேசினார்கள். அன்பு, நட்பு எதுவும் அங்கே இல்லை. 1998 ஏப்ரல் 10-இல் உடன்பாடு. மே மாத வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 71 சதவீதம் பேர் ஆதரித்தார்கள்.

அந்த உடன்பாட்டை மூர்க்கமாக எதிர்த்தவர் யூனியனிஸ்ட் தலைவர் இயன் பெய்ஸ்லி. 2007 மே மாதம் அவரே முதலமைச்சராகவும், பிரிட்டனை எதிர்த்த ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழுவின் முன்னாள் தளபதி மார்ட்டின் மெக்கின்னஸ் துணை முதலமைச்சராகவும் பதவியேற்றார்கள். இருவரும் சேர்ந்தாற்போல் அடிக்கடி சிரித்துக்கொண்டிருந்ததால் பத்திரிகைகள் ‘சிரிப்புச் சகோதரர்கள்’ என்று பெயர் வைத்தன. முதலில் பிரியம், பிறகு பேச்சு என்று காத்திருந்தால் அந்தப் புகைப்படம் வந்தே இருக்காது.

சாதாரண ஜனங்கள் கூடிப் பேசி என்ன முடிவுக்கு வர முடியும்?

அயர்லாந்து குடியரசில் கருக்கலைப்புத் தடை பற்றிய விவாதம் பல பத்தாண்டுகளாக யாரும் தொடப் பயந்த நெருப்பு. 2016-இல் மக்களிலிருந்து 99 பேரைத் தேர்ந்தெடுத்து, உச்ச நீதிமன்ற நீதிபதி மேரி லஃபாயின் தலைமையில் வார இறுதிகளில் உட்கார வைத்தார்கள். மருத்துவர்கள், சட்ட அறிஞர்கள், இரு தரப்பு அமைப்புகள் எல்லோரையும் கேட்டார்கள், சிறு சிறு மேசைகளில் விவாதித்தார்கள். அந்தத் தடையை வைத்திருந்த அரசமைப்பை மாற்றலாம் என்று பரிந்துரைத்தார்கள். 2018 மே 25 வாக்கெடுப்பில் 66.4 சதவீதம் பேர் அதற்கு ஆதரவு. முடிவு உங்களுக்குப் பிடித்ததா இல்லையா என்பது வேறு விஷயம். தோற்ற தரப்பும் முடிவை ஏற்றுக்கொண்டது. தங்கள் வாதத்தைச் சொல்ல அவர்களுக்கும் அந்த அறையில் இடம் கிடைத்திருந்தது.

எவ்வளவு பேசினாலும் திருந்தாதவர்களிடம் உறவையே முறித்துக்கொள்ளலாமா?

உங்களை அவமானப்படுத்துவதே வேலை என்றால் விலகிவிடுங்கள். அதில் தப்பில்லை. கதவைச் சாத்துங்கள், சுவர் வைத்து அடைக்காமல் இருந்தால் சரி.

விடியுமுன் வண்டியேறிப் போன ஆடம்ஸ் கதையை முடிக்கவில்லையே. அவரும் ஜெஃபர்சனும் ஒரு காலத்தில் நெருங்கிய நண்பர்கள். 1801-க்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இருவருக்கும் பொதுவான நண்பர் பெஞ்சமின் ரஷ் விடாமல் இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டே இருந்தார். 1812 ஜனவரி 1 அன்று ஆடம்ஸ் ஒரு சின்னக் கடிதம் போட்டார். இங்கே வீட்டில் நெய்த துணி இரண்டு அனுப்புகிறேன் என்று அதில் குறும்பாக ஒரு வரி. கடிதம் முதலில் போய்ச் சேர்ந்தது, பொட்டலம் வரவில்லை. ஜெஃபர்சன் அதை நிஜத் துணி என்றே நம்பிவிட்டார். தங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு எப்படி நூற்று நெய்கிறார்கள் என்று நீளமாக விளக்கிப் பதில் எழுதிவிட்டார். பிறகுதான் பொட்டலம் வந்தது. உள்ளே துணி இல்லை. ஆடம்ஸின் மகன் எழுதிய சொற்பொழிவுகள், இரண்டு தொகுதி. அதற்கப்புறம் பதினான்கு வருடம், இருவரும் இறந்த 1826 வரை, கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை. அரசியலில் கடைசிவரை ஒத்துப்போகவும் இல்லை.